புதிதாக வந்த பிள்ளைகளுக்குப் பாடசாலையிலேயே ஆள் இருக்கிறார்

ஆசிரியருக்கு,

வணக்கம். செப்டெம்பர் தொடக்கத்தில் ஒன்ராறியோப் பாடசாலைகள் திறக்கின்றன. கோடையில் இலங்கையிலிருந்தும் தமிழ்நாட்டிலிருந்தும் வந்திறங்கிய குடும்பங்கள் ஸ்காபரோ, மார்க்கம், ஏஜக்ஸ், பிரம்டன் பக்கங்களில் சொந்தக்காரர் வீட்டுப் பேஸ்மென்டில் இருந்துகொண்டு, பிள்ளையை எங்கே சேர்ப்பது, என்னென்ன கடுதாசி வேண்டும் என்று விசாரித்துக்கொண்டிருக்கின்றன. விசாரிப்பது பெரும்பாலும் மாமாவிடம், சித்தியிடம், கோவிலில் சந்தித்தவரிடம். சொல்பவர்களும் நல்ல மனத்தோடுதான் சொல்கிறார்கள். ஆனால் அவர்களுடைய பிள்ளைகள் படித்து முடித்துப் பல வருடங்களாகிவிட்டன. மாகாண மருத்துவக் காப்புறுதியான ஓஹிப் அட்டைக்கு மூன்று மாதம் காத்திருக்க வேண்டும் என்று இன்றும் சொல்கிறவர்கள் உண்டு. அந்த விதி 2020 மார்ச்சில் எடுபட்டுவிட்டது. 9ஆம் வகுப்பில் அகடெமிக்கா (பல்கலைக்கழகப் பாதைக்கானது) அப்ளைடா (செய்முறை சார்ந்தது) என்று கேட்கிறார்கள். அந்த வகுப்பில் அந்தப் பிரிவு 2021இல் கணிதத்திலும் 2022இல் மற்றப் பாடங்களிலும் நீக்கப்பட்டுவிட்டது. ஆகவே இந்தக் கடிதம் மாமாக்களுக்கும் சித்திகளுக்கும்தான். புதிதாக வந்தவர் பத்திரிகை படிப்பதற்கு முன் அவர்களைத்தான் கேட்கிறார்.

அவர்கள் சொல்ல வேண்டிய முதல் விஷயம் ஒன்றே ஒன்று: பாடசாலை அலுவலகத்தில் "ஸ்விஸ் வேர்க்கர் எந்த நாள் வருவார்?" என்று கேட்கச் சொல்லுங்கள். ஸ்விஸ் என்பது, புதிதாக வந்த குடும்பங்களுக்கு உதவும் குடியமர்வுப் பணியாளர்களைப் பாடசாலைகளில் வைக்கும் திட்டத்தின் ஆங்கிலச் சுருக்கம். இது 1999இல் ஒன்ராறியோவில் தொடங்கியது. பணம் மத்திய குடிவரவு அமைச்சுடையது. ஆளை வேலைக்கு வைத்திருப்பது ஒரு குடியமர்வு நிறுவனம். அவர் இருந்து வேலை செய்வது பாடசாலைக் கட்டடத்தில். ஒரே பணியாளர் பல பாடசாலைகளைப் பார்ப்பதால் ஒவ்வொன்றிலும் கிழமைக்கு ஒன்றிரண்டு நாள்தான் இருப்பார். அலுவலகத்தில் கேட்காதவருக்கு அவர் இருப்பதே தெரியாமல் போவது இதனால்தான். சேவைக்குக் கட்டணம் இல்லை. அவர் குடிவரவு அதிகாரி அல்ல. யாருடைய வழக்கிலும் அவருக்குப் பங்கில்லை. ஓகஸ்ட் கடைசியிலும் செப்டெம்பர் தொடக்கத்திலும் பல உயர்நிலைப் பாடசாலைகளில் புதுவரவு மாணவர்களுக்கென அறிமுக நாட்கள் நடக்கும். முன்பு வந்து பழகிய மூத்த மாணவர்களே அதில் வழிகாட்டுவார்கள். லொக்கர் திறப்பது, கால அட்டவணை வாசிப்பது, மதியச் சாப்பாட்டுக்கு எங்கே போவது என்பதையெல்லாம் தன் வயதுப் பிள்ளை காட்டித்தரும்போது வருகிற தைரியம் பெரியவர்கள் சொல்லி வராது.

இனிப் பதிவு. கேட்கப்படுவது பிள்ளையின் வயதுக்கு ஆதாரம், வீட்டு முகவரிக்கு ஆதாரம், குடிவரவு நிலையைக் காட்டும் கடுதாசி, தடுப்பூசி அட்டை, முந்தைய பாடசாலையின் தேர்ச்சி அறிக்கைகள். பிறப்புச் சான்றிதழ் தமிழிலோ சிங்களத்திலோ இருந்தால் வயதுக்குக் கடவுச்சீட்டைக் காட்டலாம். சொந்தக்காரர் வீட்டில் இருப்பவருக்குத் தன் பெயரில் வாடகை ஒப்பந்தமோ பில்லோ இராது. வீட்டுக்காரர் எழுதித்தரும் கடிதத்தையும் அவர் பெயரிலுள்ள பில்லையும் பல கல்விச் சபைகள் ஏற்கின்றன. அதனால் முதல் நாள் அந்த வீட்டுக்காரரும் கூடவே போவது நல்லது. தாய் தகப்பன் இல்லாமல் பெரியப்பாவோடு இருக்கும் பிள்ளையென்றால் பாதுகாவலர் பற்றிய சட்டக் கடிதம் கேட்பார்கள். அதை வரும் முன்பே தயார்செய்தால் நாட்கள் மிச்சம். உயர்நிலை வகுப்பில் சேருபவருக்குக் கடைசி 3 ஆண்டு அறிக்கைகளும் மொழிபெயர்ப்போடு வேண்டும். ஏன் என்பது கீழே வரும்.

முகவரி விஷயத்தில் எங்கள் ஆட்களிடம் ஒரு கெட்ட பழக்கம் இருக்கிறது. ஃபிரேசர் நிறுவனத்தின் தரவரிசைப் பட்டியலைப் பார்த்து, நல்ல இலக்கம் பெற்ற பாடசாலையின் எல்லைக்குள் இருக்கும் நண்பரின் முகவரியைக் கொடுப்பது. அந்த வரிசை பெரும்பாலும் மாகாணப் பரீட்சைப் புள்ளியை வைத்துப் போடப்படுகிறது. புதிதாக வந்த பிள்ளைக்கு அந்தப் பாடசாலையில் ஈஎஸ்எல் (ஆங்கிலத்தை இரண்டாம் மொழியாகக் கற்பிக்கும்) ஆசிரியர் முழுநேரம் இருக்கிறாரா, வாரத்தில் ஒரு நாள் மட்டும் வந்து போகிறாரா என்பதை அது சொல்லாது. பொய் முகவரி பிடிபட்டால் நடுத்தவணையில் பிள்ளை மாற வேண்டிவரும், அதுவும் அப்போதுதான் நண்பர்கள் சேர்ந்திருக்கும் நேரம் பார்த்து.

பெயரைப் பற்றியும் சொல்ல வேண்டும். தகப்பன் பெயர் முன்னுக்கா பின்னுக்கா என்ற குழப்பம் நமக்குப் பழகிப்போனது, இங்குள்ள கணினிகளுக்குப் பழக்கமில்லை. குடிவரவுக் கடுதாசி, ஓஹிப் அட்டை, பாடசாலைப் பதிவு மூன்றிலும் பெயர் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்க வேண்டும். வீட்டுப் பெயரைக் கூப்பிடும் பெயராகக் கொடுக்க விண்ணப்பத்தில் தனி இடம் இருக்கிறது. பெயர்கள் ஒத்துவராவிட்டால் தடுப்பூசிப் பதிவை யாருடையதென்று பொருத்த முடியாமல், ஊசி போட்ட பிள்ளைக்கும் போடவில்லை என்று கடிதம் வரும்.

தடுப்பூசியில்தான் நம்மவர்கள் அதிகம் தடுமாறுகிறார்கள். ஒன்ராறியோச் சட்டப்படி பாடசாலைப் பிள்ளைக்கு தொண்டைக்கரப்பான், ஏற்பு, குக்கல், போலியோ, சின்னமுத்து, கூகைக்கட்டு, ருபெல்லா, மெனிங்கோகொக்கல் ஆகியவற்றுக்கு ஊசி போட்ட பதிவு வேண்டும். 2010இலும் அதன் பின்னும் பிறந்தவர்களுக்குக் கொப்புளிப்பானுக்கும் வேண்டும். இலங்கை அட்டையும் தமிழ்நாட்டு அட்டையும் நிறைந்துதான் இருக்கும். இருந்தும் ஏன் போதாது என்கிறார்கள்? இலங்கையில் முதல் எம்எம்ஆர் (சின்னமுத்து, கூகைக்கட்டு, ருபெல்லா மூன்றுக்குமான ஊசி) 9 மாதத்தில் போடப்படுகிறது. இங்கே பிள்ளையின் முதல் பிறந்தநாளுக்கு முன் போட்ட ஊசி கணக்கில் சேராது. ஆகவே 3 வயதில் போட்டது மட்டும் ஒன்றாக எண்ணப்படும், இன்னொன்று போட வேண்டும். தமிழ்நாட்டின் அரசுத் திட்டத்தில் போடுவது எம்ஆர், அதாவது கூகைக்கட்டு அதில் இல்லை. தனியார் மருத்துவரிடம் எம்எம்ஆர் போட்டிருந்தால் அந்தச் சீட்டைத் தேடி எடுத்து வாருங்கள். கொப்புளிப்பானும் மெனிங்கோகொக்கலும் இரண்டு நாட்டு வழக்கமான அட்டைகளிலும் இருப்பதில்லை.

இதைவிடப் பெரிய தவறு வேறொன்று. குடும்ப மருத்துவரிடம் ஊசி போட்டதோடு வேலை முடிந்ததென்று நினைப்பது. மருத்துவரின் பதிவு தானாகப் பொதுச் சுகாதாரப் பிரிவுக்குப் போகாது. பெற்றோர்தான் இணையத்தில் அல்லது தொலைபேசியில் அறிவிக்க வேண்டும். அறிவிக்காவிட்டால் முதலில் கடிதம் வரும், பிறகு 20 பாடசாலை நாட்கள் வரை பிள்ளையை நிறுத்தி வைக்கலாம். ஆங்கிலக் கடிதத்தை விளம்பரம் என்று நினைத்து மேசையில் போட்டுவிட்டு, நிறுத்திய நாளன்று அலுவலகத்தில் வந்து நிற்கும் குடும்பங்கள் ஒவ்வொரு ஆண்டும் உண்டு. 2025இல் மாகாணத்தில் சின்னமுத்து பரவிய பிறகு இதில் இளக்கம் எதிர்பார்க்க வேண்டாம்.

எந்த வகுப்பு என்பதில் வாக்குவாதம் செய்யாதீர்கள். ஆரம்பப் பாடசாலையில் இடம் கொடுப்பது பிறந்த ஆண்டை வைத்து. செப்டெம்பர் வரும் ஆண்டில் பிள்ளைக்கு நிறையும் வயதிலிருந்து 5ஐக் கழித்தால் வகுப்பு. 2014இல் பிறந்தவர் 2026 செப்டெம்பரில் 7ஆம் வகுப்பு. தமிழ்நாட்டில் 7ஆம் வகுப்பை முடித்துவிட்டு வந்த பிள்ளை இங்கே மறுபடி 7இல் அமர்வது இதனால்தான். அது பிள்ளையைக் கீழே இறக்கியதல்ல, எல்லாப் பிள்ளைகளுக்கும் அதே கணக்குத்தான். சண்டைபோட்டு மேலே ஏற்றினால் ஆங்கிலத்துக்குக் கிடைக்கும் ஓர் ஆண்டைத்தான் இழப்பீர்கள்.

பிள்ளையின் ஆங்கிலத்தையும் கணிதத்தையும் பார்க்க ஒரு மதிப்பீடு உண்டு. சில சபைகளில் அது தனி வரவேற்பு மையங்களில் நடக்கும். பீல் கல்விச் சபையின் 'வீ வெல்கம் த வேர்ல்ட்' மையங்கள் அப்படிப்பட்டவை. வேறிடங்களில் பாடசாலையிலேயே நடக்கும். இதற்கு டியூஷன் வைத்துத் தயார்செய்வது வீண்வேலை, சில வேளை கெடுதலும்கூட. பாடம்பண்ணிய பதிலால் உயர்ந்த நிலை கிடைத்தால் உதவி குறையும். தாய்மொழியில் எழுதிக்காட்டச் சொன்னால் தமிழில் நன்றாக எழுதட்டும். தமிழில் ஒரு பக்கம் கோர்வையாக எழுதத் தெரிந்த பிள்ளைக்கு வேண்டியது ஈஎஸ்எல். படிப்பு இடையில் அறுந்த பிள்ளைக்கு வேறொரு திட்டம் இருக்கிறது, ஈஎல்டி என்பார்கள். அதில் வாசிப்பும் எழுத்தும் எண்ணும் அடியிலிருந்து கற்பிக்கப்படும். மலேசியாவிலோ தாய்லாந்திலோ சில வருடம் பாடசாலை இல்லாமல் காத்திருந்து வந்த குடும்பங்கள் அந்த இடைவெளியை வெட்கத்தில் மறைக்கின்றன. மறைத்தால் பிள்ளை தவறான வகுப்பில் அமரும். ஆறு மாதம் கழித்து, கற்றல் குறைபாடோ என்ற சந்தேகம் அந்தப் பிள்ளையின் மேல் விழும்.

ஆரம்ப வகுப்பு அறிக்கையில் ஒவ்வொரு பாடத்துக்கும் பக்கத்தில் ஈஎஸ்எல்/ஈஎல்டி என்று ஒரு சிறு கட்டம் இருக்கும். அதில் அடையாளம் இட்டிருந்தால், கொடுத்த 'பி' என்ற புள்ளி, பிள்ளைக்கு ஏற்ப மாற்றிய இலக்குக்குக் கொடுத்த 'பி'. வகுப்பு மட்டத்துக்கு அல்ல. அதைக் கவனிக்காமல் பிள்ளை நன்றாகப் போகிறது என்று இருந்துவிட்டு, 9ஆம் வகுப்பில் திடுக்கிடுகிறார்கள். ஆசிரியரைச் சந்திக்கும்போது புள்ளியை விட்டுவிட்டு, எந்தப் படியில் இருக்கிறார், அடுத்த படிக்கு என்ன வேண்டும் என்று கேளுங்கள். ஒன்ராறியோவில் இதற்கென்றே ஸ்டெப் என்ற படிநிலை அளவு இருக்கிறது. ஆசிரியரால் பதில் சொல்ல முடியும்.

14, 15, 16 வயதில் வருபவர்களின் நிலை கடினமானது. இவர்களுக்குத்தான் உதவியும் பிந்திப் போய்ச் சேர்கிறது. உயர்நிலைப் பட்டத்துக்கு 30 கிரெடிட், 40 மணித்தியாலச் சமூக சேவை, எழுத்தறிவுப் பரீட்சை வேண்டும். ஒரு கிரெடிட் என்பது 110 மணித்தியாலப் பாடம். வெளிநாட்டில் படித்ததற்கு எத்தனை கிரெடிட் என்று தீர்மானிப்பவர் அதிபர். பழைய அறிக்கைகள் இல்லையென்றால் அவர் எதை வைத்துத் தீர்மானிப்பார்? இலங்கையின் சாதாரண தரப் பெறுபேறு மட்டும் போதாது, 9, 10, 11ஆம் தரங்களின் தவணை அறிக்கைகள் வேண்டும். போர்க்காலத்தில் தொலைந்துபோனது போய், இன்று கொழும்பு விமான நிலையத்துக்குப் போகும் அவசரத்தில் அதிபரிடம் வாங்காமல் விட்டதுதான் அதிகம். உயர்நிலைப் படிப்பை அங்கே பெரும்பாலும் முடித்துவிட்டு வந்தவரும் இங்கே குறைந்தது 4 கிரெடிட் எடுக்கத்தான் வேண்டும்.

ஆங்கிலக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். உயர்நிலை ஈஎஸ்எல் ஏ முதல் ஈ வரை ஐந்து நிலை. பி நிலையில் சேரும் 16 வயதுப் பிள்ளை பி, சி, டி, ஈ, பிறகு 11ஆம் வகுப்பு ஆங்கிலம், 12ஆம் வகுப்பு ஆங்கிலம் என்று நேர்வழியில் ஆறு பாடங்களைத் தாண்ட வேண்டும். ஆண்டுக்கு இரண்டு அரையாண்டு, ஒவ்வொன்றிலும் ஓர் ஆங்கிலப் பாடம் என்றால் 3 ஆண்டு. கோடை வகுப்பில் ஒன்றிரண்டைக் குறைக்கலாம். கட்டாய ஆங்கிலக் கிரெடிட் நான்கில் மூன்று வரை ஈஎஸ்எல் பாடங்களாக இருக்கலாம்; நாலாவது 12ஆம் வகுப்பு ஆங்கிலமாக இருக்க வேண்டும். 18 ஆனதும் பாடசாலை முடிந்தது என்று பயப்படத் தேவையில்லை. 21 வயது நிறையும் ஆண்டின் ஜூன் வரை பகல் பாடசாலையில் இருக்கலாம். "வயது போய்விட்டது, பெரியோர் கல்வி நிலையத்துக்குப் போ" என்று யாராவது 18 வயதுப் பிள்ளைக்குச் சொன்னால், அது அறிவுரை மட்டுமே, உத்தரவு அல்ல என்று தெரிந்திருக்க வேண்டும். எழுத்தறிவுப் பரீட்சையையும் ஆங்கிலம் போதிய நிலைக்கு வரும்வரை ஒத்திவைக்கக் கேட்கலாம்.

எங்களுக்கு மிகவும் ஆத்திரம் வருவது கணிதத்தில். யாழ்ப்பாணத்திலோ மதுரையிலோ நன்றாகக் கணக்குச் செய்த பிள்ளையை ஆங்கிலம் போதாதென்று 10ஆம் வகுப்பு அப்ளைட் கணிதத்தில் போடுவார்கள், பெற்றோரும் கையெழுத்து வைப்பார்கள். அப்ளைடிலிருந்து 11ஆம் வகுப்புப் பல்கலைக்கழகப் பிரிவின் ஃபங்ஷன்ஸ் பாடத்துக்கு நேரே போக முடியாது. அது இல்லாமல் 12ஆம் வகுப்பு அட்வான்ஸ்ட் ஃபங்ஷன்ஸுக்கு நேர்வழி இல்லை, அது இல்லாமல் கல்குலஸ் இல்லை, கல்குலஸ் இல்லாமல் பொறியியல் இல்லை. ஆக, ஒரு கையெழுத்து மூன்று ஆண்டு கழித்து ஒரு கதவைச் சாத்திவிடுகிறது. ஈஎஸ்எல் நிலையும் கணித நிலையும் வேறு வேறு. கைடன்ஸ் ஆலோசகரிடம் கணிதத்தைத் தனியாக மதிப்பிடச் சொல்லிக் கேளுங்கள். பல்கலைக்கழகத்துக்கு 12ஆம் வகுப்பின் யூ (பல்கலைக்கழகம்) அல்லது எம் (பல்கலைக்கழகம்/கல்லூரி) வகைப் பாடங்கள் ஆறு வேண்டும், ஆங்கிலம் அதில் ஒன்று. இந்த ஆறையும் கடைசியிலிருந்து முன்னோக்கி எழுதி, எந்த ஆண்டு எதை எடுக்க வேண்டும் என்று ஒரே தாளில் போட்டுத்தரச் சொன்னால் நல்ல ஆலோசகர் அரை மணியில் செய்துதருவார். நவம்பர், டிசெம்பரில் வந்திறங்குபவர்கள் பெப்ரவரி அரையாண்டு வரை வீட்டில் வைத்திருப்பதும் தவறு. அந்த அரையாண்டில் கிரெடிட் கிடைக்காவிட்டாலும் ஆங்கிலம் காதில் விழும், மதிப்பீடும் கிரெடிட் தீர்மானமும் முடிந்திருக்கும்.

ஆசிரியர் சந்திப்பில் பிள்ளையையே மொழிபெயர்க்க வைக்காதீர்கள். பத்து நிமிடச் சந்திப்பில் பாதி காணாமல் போகும், காணாமல் போவது எப்போதும் கெட்ட செய்தியாகவே இருக்கும். கல்விச் சபைகள் மொழிபெயர்ப்பாளரை ஏற்பாடு செய்யும். ஆனால் ஒரு கிழமைக்கு முன்பாவது கேட்க வேண்டும். பிள்ளை வாசிக்கத் திணறினால் முதலில் கண்ணைப் பாருங்கள், 19 வயது வரை ஆண்டுக்கு ஒரு முறை ஓஹிப் அதற்குப் பணம் கொடுக்கிறது. அதன் பிறகும் சந்தேகமென்றால், விசேட கல்விக் குழுவின் பார்வைக்கு அனுப்பும்படி அதிபருக்கு எழுத்தில் கேளுங்கள். எழுத்தில் கேட்டால் 15 நாட்களுக்குள், குழு ஏறத்தாழ எப்போது கூடும் என்று அவர் அறிவித்தாக வேண்டும். வாயால் கேட்டதற்கு அந்தக் கெடு இல்லை. "இன்னும் ஆங்கிலம் வரட்டும்" என்ற பதில் சில பிள்ளைகளுக்குச் சரி. ஊரிலும் தமிழில் வாசிக்கத் திணறிய பிள்ளைக்கு அது சரியல்ல, அதைச் சொல்ல வேண்டியவர் பெற்றோர்.

பிள்ளைகளுக்கான மத்திய அரசின் உதவிப்பணத்துக்கும் குடியமர்வுப் பணியாளர் படிவம் நிரப்ப உதவுவார். புதிதாக வந்தவர் ஆர்சி66 படிவத்தோடு ஆர்சி66எஸ்சிஎச் என்ற இணைப்பையும் அனுப்ப வேண்டும், பலர் இரண்டாவதை விட்டுவிடுகிறார்கள். வேலை அனுமதியில் வந்தவர்கள் 18 மாதம் இங்கே வாழ்ந்து, 19ஆவது மாதத்தில் செல்லுபடியாகும் அனுமதியோடு இருந்தால் விண்ணப்பிக்கலாம். வருமானம் இல்லாவிட்டாலும் கணவன், மனைவி இருவரும் வரி தாக்கல் செய்ய வேண்டும்.

இனி, சொல்லச் சங்கடமான ஒன்று. மத்திய பணத்தில் நடக்கும் இந்தச் சேவை நிரந்தர வதிவிடம் பெற்றவர்களுக்கும் பாதுகாப்பு வழங்கப்பட்ட அகதிகளுக்கும் உரியது. அகதிக் கோரிக்கை வைத்துக் காத்திருப்பவர்கள் பொதுவாக அதற்குள் வரமாட்டார்கள். அண்மைய ஆண்டுகளில் விசிட்டர் விசாவில் வந்து கோரிக்கை வைத்த நம் குடும்பங்களில் பல, மிகவும் உதவி தேவையான நேரத்தில் வெளியே நிற்கின்றன. மாகாணப் பணத்தில் இயங்கும் புதுவரவாளர் குடியமர்வுத் திட்டம் இவர்களை ஏற்கிறது. ஸ்விஸ் பணியாளர் தன்னால் எடுக்க முடியாவிட்டாலும் அங்கே அனுப்பிவிடுவார்; அனுப்பச் சொல்லிக் கேளுங்கள். பாடசாலை அனுமதி இதிலிருந்து வேறான விஷயம். கோரிக்கையாளரின் பிள்ளைகளுக்குக் கட்டணம் இல்லை. ஒன்ராறியோக் கல்விச் சட்டத்தின் 49.1 பிரிவு, 18 வயதுக்குட்பட்ட பிள்ளையை, அவரோ பெற்றோரோ சட்டபூர்வ நிலை இல்லாமல் கனடாவில் இருக்கிறார்கள் என்ற காரணத்தால் மறுக்கக் கூடாது என்கிறது. அதை விளக்கும் கல்வி அமைச்சின் குறிப்பாணை 136உம் இருக்கிறது. முன்மேசையில் இருப்பவருக்கு இது தெரியாமல் "ஸ்டடி பேர்மிட் எங்கே?" என்று கேட்டால் வீட்டுக்குத் திரும்பிப் போகாமல், சபையின் அனுமதிப் பிரிவோடு பேசவேண்டும் என்று சொல்லுங்கள். விசிட்டராகவே தங்கியிருப்பவரின் பிள்ளைக்குக் கட்டணம் கேட்பது மட்டும் விதிப்படி நடப்பது.

தங்கள் பத்திரிகையிடம் ஒரு வேண்டுகோள். ஆண்டு விழாப் படங்களுக்கு ஒதுக்கும் இடத்தில் கால் பக்கத்தை மாதம் ஒரு முறை பாடசாலை நாட்காட்டிக்குத் தாருங்கள். ஜனவரியிலும் பெப்ரவரியிலும் கிண்டர்கார்ட்டின் பதிவு, பெப்ரவரியில் உயர்நிலைப் பாடத் தெரிவு, பிறகு கோடை வகுப்புப் பதிவு. தமிழை உயர்நிலைக் கிரெடிட்டாக எடுக்கலாம் என்பதையும் போடுங்கள், புதிதாக வந்த பிள்ளை நல்ல புள்ளி எடுக்கக்கூடிய பாடம் அது. கோவில்களும் தேவாலயங்களும் தமிழ்ப் பள்ளிகளும் அந்தப் பகுதிப் பாடசாலைகளில் ஸ்விஸ் பணியாளர் வரும் நாட்களை அறிவிப்புப் பலகையில் ஒட்டலாம். செலவு ஒரு தாள்.

அரசியல்வாதிகளிடம் கேட்பதென்றால் ஆளறிந்து கேட்க வேண்டும். ரொறன்ரோவின் பொதுக் கல்விச் சபைக்கும் கத்தோலிக்கக் கல்விச் சபைக்கும் 2025 ஜூனில் மாகாண அரசு மேற்பார்வையாளர்களை நியமித்தது. ஆகவே ஈஎஸ்எல் ஆசிரியர் குறைப்புப் பற்றிக் கல்விச் சபை உறுப்பினருக்கு மட்டும் எழுதிவிட்டு இருக்காமல் மாகாண சட்டசபை உறுப்பினருக்கும் எழுதுங்கள். கோரிக்கையாளர்களையும் ஸ்விஸ் சேவைக்குள் எடுக்க வேண்டும் என்பதை ஒட்டாவாவில் இருக்கும் நாடாளுமன்ற உறுப்பினரிடம் கேட்க வேண்டும். இரண்டையும் ஒரே கடிதத்தில் எழுதினால் ஒவ்வொருவரும் மற்றவரைக் கைகாட்டிவிடுவார்கள்.

இப்படிக்கு,
பாடசாலைகளில் புதுவரவுக் குடும்பங்களோடு பணிபுரியும் சிலர்,
ஸ்காபரோ